ஒரே சட்டியிலிருந்து எல்லாருக்கும்



சென்ற ஆண்டு உயிர்ப்புக் காலத்தில் நம் இல்லத்தில் பேரனுக்குப் புதுநன்மை விழா நடந்தது. காலைத் திருப்பலி முடிந்ததும் உற்றாரும் உறவினரும் வந்து வீட்டை நிறைத்தனர். மணமேல்குடிக் கடலோரத்து வீடாதலின் மீன் குழம்புக்கும் இறால் வறுவலுக்கும் குறைவில்லை. ஆயினும் விழா நாயகன் கேட்டது வேறு. மாக்ரோனியும், அதன்மேல் மஞ்சளாகக் குழைந்து வழியும் சீஸ் சாஸும் வேண்டும் என்றான். அறந்தாங்கிக்குச் சென்றிருந்த மகன் பாலாடைக்கட்டி வாங்கி வந்தான். மருமகள் வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலூற்றிக் கிண்டி, பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுப் பதமாக இறக்கினாள்.

பிள்ளைகள் வரிசையாக அமர்ந்தனர். எல்லாருக்கும் சாஸ் ஊற்றப்பட்டது. எட்டு வயதுப் பேத்திக்கு மட்டும் தனித் தட்டில் ரசச்சோறு. பால் அவள் வயிற்றுக்கு ஒவ்வாது. அவள் தன் தட்டைப் பார்த்தாள். இருபுறத்துத் தட்டுகளையும் பார்த்தாள். "அப்பாயி, எனக்கு மட்டும் ஏன் வேற?" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு மிட்டாயைக் கொடுத்துத் தேற்றியிருப்போம். பேசாமல் உண்டு, கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்று காலையில்தான், ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் ஒரே உடலாய் இருக்கின்றோம் என்னும் மறையுரையைக் கேட்டுத் திரும்பியிருந்தோம். கோவிலில் ஒன்றாய் அமர்ந்த பிள்ளைகளை நம் வீட்டுப் பந்தியில் இரண்டாகப் பிரித்துவிட்டோமே என்னும் எண்ணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

பால் கலவாமல் அதே சாஸை வீட்டில் செய்ய இயலுமா? இயலும் என்பதனைச் சில வார முயற்சிக்குப் பின் கண்டோம். அதனையே இம்மாதம் இப்பகுதியில் எழுதுகின்றோம். அதற்கு முன் நம் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நாம் செய்த தவறு

பேத்திக்கு ஆறு வயதானபோது, காலைதோறும் ஒரு குவளை பால் குடித்த பின்னரே பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். அவள் முகம் சுளிப்பாள். வயிறு வலிக்கிறது என்பாள். பள்ளிக்குப் போகாதிருக்கச் சொல்லும் சாக்கு என்று நாம் முடிவு கட்டினோம். பால் குடியாத பிள்ளைக்கு எலும்பு எப்படி வளரும் என்று கேட்டோம். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு இறங்கும் வரை எதிரில் நின்றோம். அன்பினால்தான் நின்றோம், ஆயினும் அவள் சொல்லை நம்பாமல் நின்றோம்.

ஒருநாள் வகுப்பறையிலேயே அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆகிவிட்டது. சீருடை அழுக்காகி, தோழியர் நடுவே தலைகுனிந்து வீடு வந்தாள். அதன் பிறகே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டு, இரண்டு வாரங்களுக்குப் பாலை நிறுத்தச் சொன்னார். வலியும் உப்புசமும் வயிற்றுப்போக்கும் நின்றன. மீண்டும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவை திரும்பி வந்தன. அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பிள்ளை உண்மையைச் சொன்னது, நாம்தான் கேட்கவில்லை என்பது நமக்கே விளங்கிற்று.

பால் ஏன் ஒவ்வாமற் போகிறது?

பாலில் இயற்கையாகவே ஒருவகைச் சர்க்கரை உண்டு. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். அதனைச் செரிக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரக்கவேண்டும். தாய்ப்பால் உண்ணும் பருவத்தில் இந்நொதி நிறையச் சுரக்கும். பால் மறந்து வளர வளர, உலக மக்களில் பெரும்பாலோருக்கு அது குறைந்துகொண்டே போகும். செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன; நீரும் குடலுக்குள் சேர்கின்றது. உப்புசம், இரைச்சல், வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை அதனால் வருவன.

இது ஏதோ அபூர்வ நோய் என எண்ணவேண்டா. 1981ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தில்லியில் சோதிக்கப்பட்ட நலமுள்ளவர்களுள் நூற்றுக்கு 27 பேர் அளவிலேயே இக்குறை காணப்பட்டது. புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் சோதிக்கப்பட்டவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது காணப்பட்டது. தென்னாட்டாராகிய நம்முள் இது சாதாரணம் என்றே கொள்ளலாம்.

நம்முள் அறுபதைக் கடந்தோர்க்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் கீழ் உபரி உணவுப்பொருள்கள் நம் நாட்டுக்கு வந்தன. கேர் நிறுவனத்தின் வழியாகவும் கத்தோலிக்க நிவாரண அமைப்பின் வழியாகவும் பால் பவுடர் பள்ளிகளையும் பங்குகளையும் வந்தடைந்தது. பெரிய அண்டாவில் அதனைக் கரைத்துக் காய்ச்சி வரிசையாக ஊற்றுவர். பசித்த பிள்ளைகள் பலருக்கு அது உயிர் தந்த உணவு. அந்த நன்றியை மறத்தலாகாது. ஆயினும் சிலருக்கு அதனைக் குடித்ததும் வயிறு கெட்டது. தண்ணீர் சரியில்லை என்றனர். பிள்ளை ஆசைப்பட்டு அதிகம் குடித்துவிட்டது என்றனர். கொழுப்பு நீக்கிய பால் பவுடரின் எடையில் ஏறத்தாழப் பாதி லாக்டோஸ் என்பது அன்று ஊரில் யாருக்கும் தெரியாது.

இக்குறை உடையவர் எல்லாரும் பாலை முற்றிலும் விலக்கவேண்டும் என்பதில்லை. சிலருக்குச் சோற்றுடன் சிறிதளவு தயிர் ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். நெடுநாள் பதப்படுத்திய கெட்டியான பாலாடைக்கட்டியிலும் அது மிகக் குறைவு. ஆனால் சீஸ் சாஸ் என்பது பெரும்பகுதி பாலேயாதலின் பலருக்கு அது ஒவ்வாது.

கவனிக்க வேண்டிய வேறொன்று

பால் ஒவ்வாமையில் இன்னொரு வகை உண்டு, அது ஆபத்தானது. பாலிலுள்ள கேசின் முதலிய புரதங்களையே உடல் பகையாகக் கருதி எதிர்ப்பதனால் வருவது அது. பெரும்பாலும் சிறு குழந்தைகளிடம் காணப்படும். பால் பட்டவுடன் தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி, இழுப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை வரலாம். உயிருக்கே ஊறு நேரலாம். இத்தகைய பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பாலும் ஆகாது, தயிர் ஆகாது, புரதம் சற்றே ஒட்டியிருக்கக்கூடிய நெய்யும் ஆகாது. பசுவின் பாலுக்குப் பதில் ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுத்தலும் தீர்வன்று. மூச்சுத் திணறினால் கைமருந்து தேடிக் காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

எந்த வகை என்று அயல்வீட்டார் சொல்லைக் கேட்டு முடிவு செய்யற்க, மருத்துவரே சொல்லவேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் குறித்த பால் உணவுக்கோ மாற்றாகத் தேங்காய்ப்பாலையும் முந்திரிப்பாலையும் கொடுத்தல் கூடவே கூடாது.

திருச்சபையின் பழைய அடுப்படி

பாலில்லாமல் விருந்துச் சமையலா என்று வியப்போர்க்கு ஒரு செய்தி. நம் திருச்சபைக்கு இது புதிதன்று. இடைக்காலத்தில் மேல்நாட்டுக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சியோடு பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை ஆகியவற்றையும் விலக்கினர். 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமா நோன்பைக் குறித்து எழுதுமிடத்து இவ்விலக்கை விளக்கியுள்ளார். நாற்பது நாளும் பாலின்றி எவ்வாறு சமைத்தனர்? வாதுமைப் பருப்பை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அந்தப் பாலைக் கொண்டே குழம்பும் கூழும் செய்தனர். 1390ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து அரண்மனைச் சமையற்காரர்கள் தொகுத்த ஏட்டில் வாதுமைப்பால் சேர்த்த பண்டங்கள் பல உள்ளன.

பிரான்சு நாட்டில் ரூவான் நகரப் பேராலயத்தின் கோபுரம் ஒன்றுக்கு இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண விலக்குப் பெற்றவர்கள் கொடுத்த காணிக்கையால் அது எழுந்தது என்பர். கீழைத் திருச்சபைகளில் பிசாந்திய வழிபாட்டைச் சார்ந்தோர் தவக்காலத்திற்கு முந்திய கடைசி ஞாயிறைப் பாலாடைக்கட்டி ஞாயிறு என்கின்றனர். அன்றோடு பாலுணவுக்கு விடை கொடுப்பது வழக்கம். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்களின் ஐம்பது நாள் நோன்பிலும், பழைய முறைப்படி இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பாலும் விலக்கப்பட்டது. இலத்தீன் வழிபாட்டு முறையினராகிய நமக்கோ 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே சுத்தபோசன நாளில் பாலையும் முட்டையையும் தடுக்கவில்லை. 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட நோன்பு ஒழுங்கிலும் அவ்வாறே.

ஆகவே பாலில்லாச் சமையல் நோயாளியின் பத்தியச் சமையல் அன்று. தவக்காலத்தில் திருச்சபையின் முன்னோர் உண்ட சமையல் அது. அவர்களுக்கு வாதுமை உதவியது. நமக்கு உதவுவன எவை என்று பார்ப்போம்.

நம் மண் தரும் பொருள்கள்

முதலாவது தேங்காய். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபோது நம் வட்டாரத்துத் தென்னைகள் சாய்ந்து கிடந்த காட்சியை எவரும் மறந்திரார். அதன்பின் நம் கொல்லையில் நட்ட கன்று இப்போது காய்க்கின்றது. அதன் காயே இந்தச் சாஸுக்கு உதவிற்று.

இரண்டாவது முந்திரி. தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடக்கும்போது வறுத்த முந்திரியின் மணம் பேருந்துக்குள்ளேயே வரும். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் இன்று நம் மாவட்டத்துச் செம்மண்ணுக்கே உரியதாகிவிட்டது. சாஸுக்கு முழு முந்திரி வேண்டா. விலை குறைந்த உடைந்த பருப்பே போதும். வறுத்தது வேண்டா, வறுக்காததே வேண்டும்.

மூன்றாவது பறங்கிக்காய். பறங்கியர் கொண்டுவந்ததனால் அப்பெயர் பெற்ற இக்காய், பாலாடைக்கட்டியின் மஞ்சள் நிறத்தையும் இழைவையும் தருகின்றது.

நான்காவது சேலத்து ஜவ்வரிசி. மரவள்ளிக்கிழங்கு மாவினால் ஆகிய இதற்கு இழுபடும் பசைத்தன்மை உண்டு. உருகிய பாலாடைக்கட்டி இழையாக நீள்வதற்குக் காரணம் அதிலுள்ள கேசின். அது இல்லாத இடத்தில் ஜவ்வரிசி ஓரளவு அவ்வேலையைச் செய்கின்றது.

ஐந்தாவது, பலரும் எண்ணிப்பாராதது, பழைய சோற்று நீராகாரம். பாலாடைக்கட்டிக்குரிய மெல்லிய புளிப்பு, நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கச் செய்வதனால் உண்டாகும் லாக்டிக் அமிலத்தின் சுவை. அதே அமிலம் இரவு முழுதும் புளித்த சோற்று நீரிலும் உண்டாகின்றது. மேல்நாட்டார் இச்சுவைக்காக எதையெதையோ புட்டியில் வாங்குகின்றனர். நம் வீட்டு மண்பானையிலோ அது விடியற்காலையில் காத்திருக்கின்றது. ஒன்று மட்டும் கவனிக்க: மோர் கலந்த நீராகாரத்தை எடுத்தலாகாது.

செய்முறை

ஐந்து பேருக்குப் போதுமான அளவு:

உடைந்த முந்திரிப்பருப்பு: 100 கிராம்
நீராகாரம்: 1 கிண்ணம் (200 மில்லி)
ஜவ்வரிசி: 1 மேசைக்கரண்டி
தோல் நீக்கிய மஞ்சள் பறங்கிக்காய்: 100 கிராம்
உருளைக்கிழங்கு: நடுத்தரமானது 1
சின்ன வெங்காயம்: 6
பூண்டு: 4 பல்
தேங்காய்: அரை மூடி
நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய்: 1 மேசைக்கரண்டி
கடுகுப்பொடி: கால் தேக்கரண்டி
மஞ்சள்தூள்: ஒரு சிட்டிகை
எலுமிச்சைச் சாறு: 2 தேக்கரண்டி
உப்பு: 1 தேக்கரண்டி அளவு

முந்திரியைக் கழுவி நீராகாரத்தில் நான்கு மணி நேரம் ஊறவைக்கவேண்டும். கோடை வெயிலில் அதற்குமேல் வெளியில் வைத்தால் புளிப்பு மிகும். ஜவ்வரிசியைத் தனியே சிறிது நீரில் இரண்டு மணி நேரம் ஊறவிடுக. தேங்காயைத் துருவி, கெட்டியான முதற்பால் ஒரு கிண்ணமும் இரண்டாம் பால் ஒரு கிண்ணமும் பிழிந்து தனித்தனியே வைத்துக்கொள்க.

பறங்கிக்காயையும் உருளைக்கிழங்கையும் துண்டாக்கிக் குழைய வேகவைக்கவேண்டும். எண்ணெயைக் காயவைத்து வெங்காயத்தையும் பூண்டையும் சிறு தீயில் வதக்குக. அவை சிவக்கலாகாது, கண்ணாடிபோல் ஆகி இனிப்பு மணம் வந்ததும் இறக்கிவிடுக. பின்னர் முந்திரி, அது ஊறிய நீர், ஜவ்வரிசி, வெந்த காய்கள், வதக்கியவை, கடுகுப்பொடி, மஞ்சள்தூள் ஆகிய யாவற்றையும் மிக்சியில் இட்டு, விரலிடைத் தேய்த்தால் ஒரு திப்பியும் தட்டாதபடி வெண்ணெய்போல் அரைக்கவேண்டும். உருளைக்கிழங்கை அதிகம் அரைத்தால் பசையாகும் என்பர். வேறு சமையலில் அது குற்றம். இங்கே அதுவே குணம்.

அடி கனத்த பாத்திரத்தில் இரண்டாம் பாலை ஊற்றி, அரைத்த விழுதையும் உப்பையும் சேர்த்துச் சிறு தீயில் வைக்கவேண்டும். அகப்பையைக் கையிலிருந்து விடாமல் ஏழெட்டு நிமிடம் கிண்டுக. மாவு வெந்து, கெட்டிப்பட்டு, பளபளப்புடன் கொப்புளமிடும். அப்போது முதற்பாலை ஊற்றிக் கலந்து, ஆவி எழும்பியதும் இறக்கிவிடுக. கடைசியாக எலுமிச்சைச் சாற்றை அடுப்பிற்குக் கீழே வைத்தே சேர்க்கவேண்டும். அகப்பையைத் தூக்கினால் நாடாவைப்போல் இழிந்து விழுவதே பதம். ஆறினால் இறுகும், சிறிது வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

நமக்கு வந்த கேடுகள்

முதல் முறை செய்தபோது அது சாஸாக இராமல் பாயசம்போல் இனித்தது. தேங்காயும் முந்திரியும் பறங்கியும் இயல்பிலேயே இனிப்புடையன. உப்பும் புளிப்பும் கடுகின் காரமும் சற்று எடுப்பாக இருந்தாலன்றிச் சுவை திரும்பாது. இரண்டாம் முறை முதற்பாலை ஊற்றியபின் கொதிக்கவிட்டோம். பால் திரிந்து எண்ணெய் மிதந்தது. ஆயுள் முழுதும் சொதி வைத்த கைக்கு இது தெரியாதா என்று மருமகள் சிரித்தாள். மூன்றாம் முறை நேரமில்லையென்று ஜவ்வரிசியை ஊறவைக்காமல் பொடித்துக் கொதியில் தூவினோம், கட்டி கட்டியாகிவிட்டது. நான்காம் முறையே ஒழுங்காக அமைந்தது. முதல் நாள் கெட்டுப்போனால் மனம் தளரற்க.

முந்திரி வாங்க இயலாத வீட்டில், தோல் நீக்கி வேகவைத்த வேர்க்கடலையைப் பாதியளவு சேர்க்கலாம். மணம் சற்று மாறும். சில பிள்ளைகளுக்கு முந்திரியும் வேர்க்கடலையும்கூட ஒவ்வா. அவர்களுக்கு அவ்விரண்டையும் விட்டு, பறங்கிக்காயையும் உருளைக்கிழங்கையும் இரட்டிப்பாக்கித் தேங்காய்ப்பாலில் செய்தாலும் நன்றாகவே அமையும். மீன் உண்ணும் வீட்டார், வறுத்துப் பொடித்த கூனி இறால் கருவாட்டை ஒரு சிட்டிகை சேர்த்துப் பார்க்கலாம். பாலாடைக்கட்டியின் ஆழ்ந்த சுவைக்கு அது மிக அண்மையில் வருகின்றது. இறால் ஒவ்வாதவர் இருக்குமிடத்தில் இதனைத் தவிர்க்க.

மாக்ரோனிக்கு மட்டுமே உரியது இதுவென்று எண்ணவேண்டா. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின்மேல் ஊற்றலாம். இடியாப்பத்திற்கும் ஆப்பத்திற்கும் தொட்டுக்கொள்ளலாம். சப்பாத்தியில் தடவி வதக்கிய காய்களை வைத்துச் சுருட்டிப் பள்ளிக்குக் கொடுப்பதாயின், தண்ணீர் விடாமல் கெட்டியாக எடுத்துக்கொள்க. தேங்காய்ப்பால் சேர்ந்ததாதலின் நம் கடற்கரை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் வைத்தல் நன்றன்று. குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். தேங்காயிலும் முந்திரியிலும் கொழுப்பு மிகுதி. ஆதலின் இது விருந்து நாளுக்குரியதேயன்றி அன்றாட உணவன்று. இதய நோயுள்ள பெரியவர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்க.

எலும்புக்கு என்ன செய்வது?

பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போவது என்னும் கேள்வி நியாயமானதே. இந்தச் சாஸ் அதனைத் தாராது. சீஸின் சுவையைத் தருமேயன்றி அதன் சத்தைத் தாராது என்பதனை மறைக்க விரும்பவில்லை. பசும்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகு 100 கிராமிலோ 300 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. முருங்கைக்கீரையிலும் அவ்வாறே. தோல் நீக்காத எள்ளில் அதனினும் பன்மடங்கு. கடலோரத்தாராகிய நமக்கு நெத்திலி முதலிய பொடிமீன்களை முள்ளோடு உண்ணும் பேறும் உண்டு. கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, முருங்கைக்கீரைப் பொரியல், நெத்திலிக் குழம்பு என்று வாரத்தில் மாறி மாறி வந்தால், பாலில்லாமலும் பிள்ளை வலிமையாக வளரும். வளர்ச்சியில் ஐயமிருப்பின் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.

விருந்துக்கு அழைப்போர்க்கு

பால் ஒவ்வாத பிள்ளையின் தாய், உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒருவித அச்சத்தோடேயே போகின்றாள். "ஒரு வாய் குடித்தால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்போர் பலர். நாமும் அவ்வாறு கேட்டவர்களே. அக்கேள்வியைக் கேளாதிருத்தல் முதல் மரியாதை. அழைக்கும்போதே "பிள்ளைகளுக்கு ஒவ்வாதது ஏதேனும் உண்டா?" என்று வினவுதல் இரண்டாம் மரியாதை.

கடைப் பண்டம் வாங்குவோர் உறையைப் படித்தல் வேண்டும். பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் சாக்லேட்டிலும் பால் பவுடர் மறைந்திருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒவ்வாமை தரும் பொருள்களுள் ஒன்றாகப் பாலை உறையில் குறிப்பிடவேண்டும். கேசின், வே என்னும் பெயர்களும் பாலையே குறிக்கும். பாலாடை இல்லாதது என்று விற்கப்படும் சில பொடிகளிலும் கேசின் கலந்திருப்பதுண்டு.

எல்லாவற்றிலும் மேலான மரியாதை ஒன்று உண்டு. ஒவ்வாத பிள்ளைக்கெனத் தனியே சிறு கிண்ணத்தில் சமைப்பதினும், அப்பிள்ளையும் உண்ணத்தக்க ஒன்றை எல்லாருக்குமாகச் சமைத்தல் நன்று. தனிக் கிண்ணம் எவ்வளவு சுவையாயினும் தனிக் கிண்ணமே.

மாதா திருநாளன்று

ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்குப் பிள்ளைகள் மீண்டும் கூடினர். இம்முறை பெரிய மண்சட்டி நிறையப் பாலில்லாச் சாஸ் காய்ச்சினோம். வேறு சாஸ் எதுவும் செய்யவில்லை. புதுநன்மை எடுத்த பேரன் ஒரு வாய் உண்டு நிமிர்ந்து பார்த்தான். "இது சீஸ் இல்லையே!" என்றான். உண்மைதான், சீஸ் அன்று என்றோம். சற்று யோசித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னான்.

ஊற்றியவள் பேத்தி. அகப்பையைத் தன்னிடம் தரும்படி அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சித்தப்பா தட்டு, அத்தை தட்டு, அண்ணன் தட்டு என்று வரிசையாக எல்லாருக்கும் ஊற்றி, கடைசியில் தன் தட்டிலும் அதே சட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டு நடுவில் வந்து அமர்ந்தாள். அன்று அவள் நம்மிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.